மல்லாட்டையும் பாமாயிலும்

இந்த செமஸ்டரில் எங்களுக்குப் பன்னாட்டு வர்த்தகம் ஒரு பேப்பர். புத்தகத்தைத் திறந்தால் முதல் பாடமே டேவிட் ரிக்கார்டோ. இங்கிலாந்து துணி நெய்கிறது, போர்ச்சுகல் திராட்சை மது செய்கிறது, இரண்டும் மாற்றிக்கொண்டால் இரண்டு நாட்டுக்கும் லாபம். அவர் கணக்கில் போர்ச்சுகல் இரண்டையுமே குறைந்த உழைப்பில் செய்துவிடும். அப்படியும் மாற்றிக்கொள்வதுதான் நல்லது என்பதுதான் அதில் விசேஷம். 1817-ல் எழுதியது. இருநூறு வருஷம் தாண்டியும் பரீட்சையில் அதே துணி, அதே மது!

தப்பில்லை. ஆனால் போர்ச்சுகல் மது நம்மில் யாருக்கும் பழக்கமில்லை (இருந்தால் ஹாஸ்டல் வார்டனிடம் சொல்லவேண்டாம் :-) ). எனக்கு நேரடியாகத் தெரிந்த பன்னாட்டு வர்த்தகம் சமையல் எண்ணெய் ஒன்றுதான். அதனால் ரிக்கார்டோவை ஓரமாக வைத்துவிட்டு மல்லாட்டையையும் பாமாயிலையும் வைத்து எழுதிப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மல்லாட்டை என்றால் என்ன என்று மதுரைக்குத் தெற்கே உள்ள நண்பர்கள் கேட்பார்கள். நிலக்கடலைதான். விழுப்புரம், திருவண்ணாமலை, கடலூர்ப் பக்கம் மல்லாட்டை, மணிலா, மணிலாக்கொட்டை என்றெல்லாம் சொல்வோம்.

ஒரே குடும்பத்தில் இரண்டு கட்சி

எங்கள் அம்மாவுக்குத் திண்டிவனம் பக்கம் ஒரு கிராமம். மாமா அங்கே மூன்று ஏக்கர் கொல்லையில் மானாவாரியாக மல்லாட்டை போடுகிறவர். நாங்கள் இருப்பது சென்னையில், வாடகை வீட்டில். மாதம் ஒரு முறை ரேஷன் கடையில் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில் வாங்குவோம். பூரி, வடை, அப்பளம் எல்லாம் அதில்தான். பற்றாததற்குக் கடையில் ஏதாவது பாக்கெட் எண்ணெய். அறுவடை முடிந்ததும் மாமா செக்கில் ஆட்டிக் கொடுத்துவிடும் கடலை எண்ணெய் ஒரு டின் வரும். அதை அம்மா பொடிக்கும் குழம்புக்கும் மட்டும் எடுப்பார்.

ஆக எண்ணெய் விலை இறங்கினால் அம்மாவுக்குச் சந்தோஷம், அவருடைய சொந்தத் தம்பிக்கு வயிற்றெரிச்சல். விலை ஏறினால் நேர்மாறு. பாடப் புத்தகத்தில் நுகர்வோர் ஒரு பக்கம், உற்பத்தியாளர் ஒரு பக்கம் என்று கோடு போட்டுக் காட்டுவார்கள். எங்கள் வீட்டில் அந்த இரண்டு பேரும் பொங்கலுக்கு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

போன வருஷம் மாமா என்னிடம் கேட்டார். "என்னாடா தம்பி, பொருளாதாரம் படிக்கிறியே. வர்ற ஆடிக்கு மல்லாட்ட போடலாமா, இல்ல சவுக்கு நட்டுட்டு சும்மா இருக்கலாமா?" பரீட்சைக் கேள்விகளில் இவ்வளவு கஷ்டமான ஒன்றை நான் பார்த்ததில்லை. அதற்குப் பதில் தேடியபோது படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கப்பலில் வந்த பயிர்

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "வெளிநாட்டு எண்ணெய் வந்து நம் பாரம்பரியக் கடலையை அழித்துவிட்டது" என்று அடிக்கடி கேட்கிறோம். மல்லாட்டையே வெளிநாட்டுச் சரக்குதான். அதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா. ஐரோப்பியக் கப்பல்கள் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோயின. பிலிப்பைன்ஸின் மணிலா வழியாக வந்ததால்தான் மணிலாக்கொட்டை என்று பெயர் என்பார்கள்.

எங்கள் பக்கத்துக் கொல்லைகளில் அது பரவியதற்கும் வர்த்தகம்தான் காரணம். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் எண்ணெய்வித்து நிறையத் தேவைப்பட்டது. பக்கத்தில் புதுச்சேரி பிரெஞ்சுத் துறைமுகம். தென்னார்க்காட்டில் விளைந்த கடலை மூட்டை மூட்டையாக அங்கிருந்து கப்பலேறியது. கம்பும் வரகும் விளைந்த செம்மண் கொல்லைகள் மல்லாட்டைக்கு மாறின. கையில் காசு பார்த்தார்கள். 1929-க்குப் பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது விலை சரிந்து அடிபட்டதும் அதே விவசாயிகள்தான்.

ஆக, வெளியூர்ச் சந்தையோடு கட்டிய கயிறு எங்கள் ஊருக்குப் புதிதல்ல. அந்தக் கயிறு அவர்களை மேலே தூக்கியிருக்கிறது, கீழேயும் தள்ளியிருக்கிறது. வர்த்தகமே கூடாது என்று நான் எழுதவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கதவு மூடியிருந்த காலமும் திறந்த காலமும்

1980-களில் இந்தியா சமையல் எண்ணெய்க்கு நிறைய அந்நியச் செலாவணி கொடுத்துக்கொண்டிருந்தது. பெட்ரோலுக்கே டாலர் இல்லாத நேரம். 1986-ல் எண்ணெய்வித்துத் தொழில்நுட்ப இயக்கம் என்று ஒன்றை மத்திய அரசு தொடங்கியது. நல்ல விதை, உரம், ஆராய்ச்சி ஒரு பக்கம். இறக்குமதிக் கட்டுப்பாடு மறு பக்கம். இறக்குமதி அப்போது எஸ்.டி.சி. என்ற அரசு நிறுவனத்தின் கையில் மட்டும் இருந்தது.

இதில் அதிகம் பேசப்படாத ஒன்றும் உண்டு. 1989-லிருந்து சில வருஷங்கள், தேசியப் பால்வள வாரியம் எண்ணெய் விலைக்கு ஒரு மேல் எல்லையும் ஒரு கீழ் எல்லையும் வைத்துக்கொண்டு சந்தையில் இறங்கியது. விலை விழுந்தால் வாங்கிச் சேமித்தது. ஏறினால் சேமித்ததை வெளியே விட்டது. 'தாரா' எண்ணெய் பாக்கெட் அப்போது வந்ததுதான். (இந்த மேல் எல்லை, கீழ் எல்லை விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.)

பத்தே வருஷத்தில் நாட்டின் எண்ணெய்வித்து உற்பத்தி ஏறக்குறைய இரண்டு மடங்கானது. 1990-களின் தொடக்கத்தில் நாம் தின்ற எண்ணெயில் பெரும்பகுதி இங்கே விளைந்ததுதான். மஞ்சள் புரட்சி என்று பெயர் வைத்தார்கள்.

அப்புறம் 1994-ல் பாமோலினை யார் வேண்டுமானாலும் இறக்குமதி செய்யலாம் என்று அரசு கதவைத் திறந்தது. அப்போது தீர்வை 65 சதவீதம். 1998-க்குள் அது 15 சதவீதமாக இறங்கிவிட்டது. இதற்கெல்லாம் டபிள்யூ.டி.ஓ.தான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அங்கே இந்தியா ஒப்புக்கொண்ட உச்சவரம்பு பாமாயிலுக்கு 300 சதவீதம். சோயா எண்ணெய்க்குத்தான் 45 சதவீதம் என்று கையைக் கட்டிக்கொண்டார்கள். அதாவது பாமாயில் தீர்வையை 15-க்கு இறக்கச் சொல்லி ஜெனீவாவிலிருந்து கட்டாயம் ஏதும் இல்லை. டெல்லியில் எடுத்த முடிவு அது. எண்ணெய் விலை ஏறினால் ஓட்டு போய்விடும் என்ற பயம் எல்லா அரசுக்கும் உண்டு.

இன்று நாம் சாப்பிடும் எண்ணெயில் பாதிக்கும் மேல், ஏறக்குறைய 55 முதல் 60 சதவீதம் வரை, வெளிநாட்டிலிருந்து வருகிறது. வருஷத்துக்குச் சுமார் 160 லட்சம் டன். பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து. சோயா எண்ணெய் அர்ஜென்டினா, பிரேசிலிலிருந்து. சூரியகாந்தி எண்ணெய் ரஷ்யா, உக்ரைன் பக்கமிருந்து.

ஏன் அவ்வளவு மலிவு?

பாமாயில் கெட்டது, அதனால் மலிவு என்று வாட்ஸப்பில் வருவதையெல்லாம் விட்டுவிடுவோம். மரத்தின் குணம்தான் காரணம். செம்பனை (எண்ணெய்ப் பனை) ஒரு ஹெக்டேரில் வருஷத்துக்கு 3 முதல் 4 டன் எண்ணெய் கொடுக்கும். மல்லாட்டையில் நம் ஊர் சராசரி விளைச்சலுக்கு ஒரு டன் எண்ணெய்கூடத் தேறாது. செம்பனை ஒரு முறை நட்டால் இருபத்தைந்து வருஷம் குலை தள்ளும். மல்லாட்டையை ஒவ்வொரு பட்டத்துக்கும் உழுது, விதைத்து, களையெடுத்து, பிடுங்கி, ஆய்ந்து, காயவைக்க வேண்டும். அதில் பாதி கைவேலை. ஆள் கூலி வருஷத்துக்கு வருஷம் ஏறுகிறது.

செம்பனைக்கு வருஷம் முழுக்க மழையும் வெப்பமும் வேண்டும். அது சுமத்ராவிலும் போர்னியோவிலும் இருக்கிறது, திண்டிவனத்தில் இல்லை. இந்த இடத்தில் ரிக்கார்டோ சொன்னது அப்படியே பொருந்துகிறது. இந்தியாவுக்கு வேண்டிய எண்ணெய் முழுவதையும் கடலையிலிருந்தே எடுப்பது என்றால் நெல்லையும் பருப்பையும் எங்கே விளைப்பது? பாமாயில் வந்ததால்தான் ஏழை வீட்டிலும் தாளிக்க எண்ணெய் இருக்கிறது. 2007-ல் தமிழ்நாட்டில் சிறப்புப் பொது விநியோகத் திட்டம் வந்து ரேஷனில் பாமாயில் கிடைக்கத் தொடங்கியதற்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகளில் நானும் ஒருவன். தின்றுவிட்டுத் திட்டுவது நியாயமில்லை.

அப்படியானால் மாமாவின் பிரச்சினைதான் என்ன? எண்ணெய் வருவது மட்டும் இல்லை, அது வருகிற விதம்.

ஒரு பக்கம் மட்டும் சட்டென்று திறக்கும் கதவு

கடந்த சில வருஷத் தீர்வை வரலாற்றை வரிசையாக எழுதிப் பார்த்தேன்.

2018 மார்ச்: கச்சா பாமாயிலுக்கு 44 சதவீதம், சுத்திகரித்ததற்கு 54 சதவீதம். விவசாயிக்கு நல்ல விலை வேண்டும் என்று ஏற்றினார்கள்.

2021: கொரோனாவுக்குப் பிறகு உலக விலை ஏறியது. படிப்படியாகத் தீர்வையைக் குறைத்தார்கள்.

2022 பிப்ரவரி: கச்சா பாமாயிலுக்கு அடிப்படைத் தீர்வை பூஜ்யம், செஸ் எல்லாம் சேர்த்து 5.5 சதவீதம். அதே மாதம் உக்ரைன் போர் தொடங்கியது. ஏப்ரல் 28-ல் இந்தோனேசியா தன் மக்களுக்கே எண்ணெய் பற்றவில்லை என்று பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. மூன்றே வாரம்தான், மே 23-ல் மறுபடி திறந்துவிட்டார்கள். அந்த மூன்று வாரமும் உலகச் சந்தை ஆடிப்போனது.

2022 செப்டம்பர்: மார்ச்சில் டன் 7,000 மலேசிய ரிங்கிட்டைத் தாண்டிய பாமாயில் விலை, பாதிக்கும் கீழே விழுந்தது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். விலை ஏறியபோது சில மாதங்களுக்கு ஒரு முறை அறிவிக்கை போட்டுத் தீர்வையை இறக்கினார்கள். விலை பாதியாக விழுந்த பிறகு அதைத் திரும்ப ஏற்ற எவ்வளவு காலம் ஆனது? 2024 செப்டம்பர் 14 வரை. கிட்டத்தட்ட இரண்டு வருஷம்! அன்றைக்கு 5.5 சதவீதம் ஒரே ராத்திரியில் 27.5 ஆனது. அடுத்த எட்டரை மாதத்தில், 2025 மே இறுதியில், மறுபடி 16.5 சதவீதம்.

மல்லாட்டை விதைத்து அறுவடைக்கு வர நூறு நூற்றிப் பத்து நாள் ஆகும். விதை வாங்கும்போது ஒரு தீர்வை, மூட்டை கட்டும்போது இன்னொரு தீர்வை என்றால் மாமா எதை நம்பிக் கணக்குப் போடுவார்? மழையைக் கணிக்கத் தாத்தா சொல்லிக் கொடுத்த வழி ஏதாவது உண்டு. டெல்லி அறிவிக்கையைக் கணிக்கப் பஞ்சாங்கத்தில் இடமில்லை.

"உள்நாட்டு உற்பத்தியாளர்" என்பவர் யார்?

புத்தகத்தில் 'உள்நாட்டு உற்பத்தியாளர்' என்று ஒரே ஆளாகப் போட்டிருப்பார்கள். எண்ணெய்த் தொழிலில் குறைந்தது நான்கு பேர் இருக்கிறார்கள்.

ஒன்று, எண்ணெய்வித்து விவசாயி. அவருக்குக் கச்சா எண்ணெய், சுத்திகரித்த எண்ணெய் இரண்டுக்குமே தீர்வை உயரமாக இருக்க வேண்டும்.

இரண்டு, ஊரில் உள்ள செக்கு, சிறு எண்ணெய் மில். பருப்பு மலிவாகக் கிடைக்க வேண்டும், வெளி எண்ணெய் விலை ஏறியிருக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் நான் சின்ன வயதில் பார்த்த இரண்டு மில்லில் ஒன்று இன்று கல்யாண மண்டபம்.

மூன்று, காக்கிநாடா, கிருஷ்ணபட்டினம், ஹால்தியா, காண்ட்லா போன்ற துறைமுகங்களில் இருக்கும் பெரிய சுத்திகரிப்பு ஆலைகள். இவர்களுக்குக் கச்சா எண்ணெய்க்குத் தீர்வை குறைய வேண்டும், சுத்திகரித்ததற்கு மட்டும் ஏற வேண்டும். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் அவர்கள் பிழைப்பு. 2025 மே மாதம் கச்சா எண்ணெய்க்கு மட்டும் குறைத்துவிட்டுச் சுத்திகரித்ததற்கு 35.75 சதவீதத்தை அப்படியே விட்டது இவர்களுக்குச் சாதகம். இவர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு. இந்தோனேசியாவும் மலேசியாவும் கச்சா எண்ணெய் ஏற்றுமதிக்குக் கூடுதல் வரி போட்டு, சுத்திகரிப்பு வேலையைத் தங்கள் நாட்டிலேயே வைத்துக்கொள்ளப் பார்க்கின்றன.

நான்கு, முறுக்கு, மிக்சர், பிஸ்கட், சோப்பு செய்கிறவர்கள். இவர்களும் உள்நாட்டு உற்பத்தியாளர்கள்தான். எல்லா எண்ணெயும் மலிவாக இருந்தால் இவர்களுக்கு நல்லது.

நான்கு பேரும் "உள்நாட்டுத் தொழிலைக் காப்பாற்றுங்கள்" என்றுதான் மனு கொடுப்பார்கள். காப்பாற்று என்றால் ஒவ்வொருவருக்கும் அர்த்தம் வேறு. இதில் முதல் ஆளுக்கு மட்டும் டெல்லியில் ஆபீஸ் கிடையாது.

நேபாளக் கதை தெரியுமா? தெற்காசியத் தடையில்லா வர்த்தக ஒப்பந்தத்தின்படி நேபாளத்திலிருந்து வரும் எண்ணெய்க்குத் தீர்வை கிடையாது. நேபாளத்தில் சொல்லிக்கொள்ளும்படி செம்பனைத் தோட்டமே இல்லை. ஆனாலும் இங்கே தீர்வை ஏறிய காலங்களில் பாமாயிலும் சோயா எண்ணெயும் நேபாளத்தின் பெரிய ஏற்றுமதிச் சரக்குகளாக ஆகிவிட்டன! தீர்வையை ஏற்றினால் மட்டும் போதாது என்பதற்கு இது உதாரணம்.

ஒரு சின்னக் கணக்கு

எங்கள் வீட்டில் மாதம் மூன்று லிட்டர் எண்ணெய் ஆகும். தீர்வையால் லிட்டருக்கு 20 ரூபாய் ஏறினால் மாதம் 60 ரூபாய். வருஷத்துக்கு 720. அம்மா முணுமுணுப்பார், ஆனால் சமாளித்துவிடுவார்.

மாமா மூன்று ஏக்கரில், மழை ஒழுங்காகப் பெய்தால், 21 குவிண்டால் காய் எடுப்பார். குவிண்டாலுக்கு ஆயிரம் ரூபாய் விலை குறைந்தால் 21,000 ரூபாய் நஷ்டம். அது அவருடைய அந்த வருஷத்து லாபம் முழுவதும்.

லாபம் கோடிக்கணக்கான வீடுகளுக்குச் சில்லறை சில்லறையாகப் போகிறது. நஷ்டம் சில லட்சம் வீடுகளில் மொத்தமாக விழுகிறது. கூட்டிப் பார்த்தால் நாட்டுக்கு லாபம் என்று வரும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மொத்த லாபத்தை யாரும் ஒரே இடத்தில் கண்ணால் பார்ப்பதில்லை. நஷ்டத்தை ஊரில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம்.

1939-ல் கால்டர், ஹிக்ஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஒரு அளவுகோல் சொன்னார்கள். ஒரு மாற்றத்தால் லாபம் அடைந்தவர், நஷ்டப்பட்டவருக்கு ஈடு கொடுத்துவிட்டும் கையில் மிச்சம் வைத்திருக்க *முடியும்* என்றால் அந்த மாற்றம் நல்லது. முடியும் என்றாலே போதும், கொடுத்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை. எங்கள் வகுப்பில் இதைப் படித்துவிட்டு மணியடித்ததும் கிளம்பிவிட்டோம். அம்மா மிச்சம் பிடித்த 720 ரூபாயை யாரும் மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு திட்டம் இருந்தது. இறக்குமதியால் வேலை போனவர்களுக்குப் பயிற்சியும் உதவித்தொகையும் கொடுக்க 1962-ல் சட்டம் போட்டார்கள். 2022 ஜூலையில் அதன் காலக்கெடு புதுப்பிக்கப்படாமல் முடிந்துபோனது. பணக்கார நாட்டிலேயே அப்படி.

தீர்வையை ஏற்றினால் விவசாயிக்குப் போகுமா?

போகும் என்று நினைத்துத்தான் தேட ஆரம்பித்தேன். 2024 செப்டம்பரில் ஏற்றியபோது நடந்ததைப் பாருங்கள். கடையில் எண்ணெய் விலை உடனே ஏறியது. ஆனால் அந்த அறுவடையில் மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் சோயா விவசாயிகள் ஆதார விலையான 4,892 ரூபாய்க்கும் கீழேதான் விற்றார்கள்.

காரணம், சோயாவில் எண்ணெய் ஐந்தில் ஒரு பங்குகூடச் சரியாக இருக்காது. மீதி எல்லாம் புண்ணாக்கு. புண்ணாக்கு விலை படுத்துக் கிடந்தது. கடலையில் எண்ணெய் அதிகம், பருப்பில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. ஆனாலும் அந்த வருஷம் குஜராத்தில் அமோக விளைச்சல். விலை ஆதார விலைக்குக் கீழே போய், அரசு இறங்கி வாங்க வேண்டி வந்தது.

ஆக, எல்லாப் பழியையும் கப்பல் மேல் போடவும் முடியாது. எங்கள் பக்கம் மல்லாட்டைப் பரப்பு சுருங்கியதற்கு மழை தவறியதும், ஆள் கிடைக்காததும், காட்டுப்பன்றித் தொல்லையும், மனை போட்டு விற்றதும் காரணங்கள். 1990-களின் தொடக்கத்தில் இருந்த பரப்பில் பாதிகூடத் தமிழ்நாட்டில் இன்று இல்லை. இத்தனை இடிகளையும் தாங்கிக்கொண்டு பயிர் வைக்கிறவருக்கு விலையாவது ஓரளவு தெரிய வேண்டும். அந்த ஒன்றைத்தான் அரசின் ஒரு கையெழுத்து மாற்ற முடியும். மழையை யாரும் மாற்ற முடியாது.

கடலையும் கப்பலேறுகிறது

எண்ணெய்க்காக மட்டும் என்றால் மல்லாட்டை எப்போதோ மறைந்திருக்கும். இன்று அதைத் தாங்கிப் பிடிப்பதில் தின்பண்டத்துக்கும் ஏற்றுமதிக்கும் பெரிய பங்கு உண்டு. நம் கடலையை வாங்கும் முக்கிய நாடுகளில் ஒன்று எது தெரியுமா? இந்தோனேசியா! அவர்கள் நமக்குப் பாமாயில் அனுப்புகிறார்கள், நாம் அவர்களுக்குச் சட்னிக்கும் சாம்பலுக்கும் (சாம்பல் என்பது அவர்கள் ஊர் மிளகாய்த் துவையல்) கடலை அனுப்புகிறோம். ரிக்கார்டோ இதைப் பார்த்திருந்தால் துணியையும் மதுவையும் விட்டிருப்பார்.

அங்கேயும் ஒரு கதவு உண்டு. சரியாகக் காயாத கடலையில் பூஞ்சணம் பிடித்து அஃப்ளடாக்சின் என்ற நச்சு சேரும். அந்த அளவு அதிகம் என்று சொல்லி 2025 செப்டம்பரில் இந்தோனேசியா இந்தியக் கடலை இறக்குமதியைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. அறுவடை வரப்போகிற நேரம். மாமா ஊர்க் களத்தில் தார்ப்பாய் இல்லாமல் மண்ணில் காயவைக்கிற பழக்கத்துக்கும் ஜகார்த்தாவில் ஒரு ஆபீசர் போடுகிற கையெழுத்துக்கும் தொடர்பு இருக்கிறது. தார்ப்பாய், உலர்களம், ஈரம் அளக்கும் கருவி ஆகியவற்றுக்குச் செலவு பண்ணினால் அது எந்தத் தீர்வையையும்விட அதிகம் பலன் தரும் என்பது என் எண்ணம்.

என்ன செய்யலாம்?

நான் அமைச்சர் இல்லை. இருந்தாலும் எழுத உட்கார்ந்தாயிற்று, சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, தீர்வையை யார் மனம்போனபடியோ மாற்றாமல் உலக விலையோடு கட்டிவிடலாம். உலக விலை இந்த அளவுக்கு மேல் போனால் தீர்வை தானாக இறங்கும், இந்த அளவுக்குக் கீழே போனால் தானாக ஏறும் என்று முன்கூட்டியே அட்டவணை போட்டுவிட வேண்டும். அம்மாவுக்கும் ஒரு மேல் எல்லை, மாமாவுக்கும் ஒரு கீழ் எல்லை. முன்பு பால்வள வாரியம் கொள்முதல் மூலம் செய்ததைத் தீர்வை மூலம் செய்வது. பாமாயிலுக்கு 300 சதவீத வரம்பு இருப்பதால் அதற்கு ஜெனீவாவில் தடை இருக்காது. சோயா எண்ணெயில் 45-க்குள் அடங்க வேண்டும்.

இரண்டாவது, அந்தத் தீர்வையில் வரும் பணத்தில் ஒரு பங்கு எண்ணெய்வித்து விவசாயிக்கே திரும்ப வேண்டும். கால்டர்-ஹிக்ஸ் சொன்ன "முடியும்" என்பதைக் "கொடுத்தோம்" என்று மாற்ற இதுதான் வழி.

மூன்றாவது, ரேஷனில் பாமாயிலோடு கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கொடுக்க வேண்டும் என்று விவசாயிகள் ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். முழுக்க மாற்ற மானியச் செலவு தாங்காது. ஆனால் விளைகிற மாவட்டங்களில் தீபாவளி, பொங்கல் மாதங்களில் மட்டுமாவது ஆரம்பிக்கலாம். அறுவடை நேரத்தில் நிச்சயமாக வாங்க ஒரு ஆள் இருக்கிறார் என்றாலே கமிட்டி ஏலத்தில் வியாபாரி கேட்கும் விலை மாறும். 2025-26-க்குக் கடலை ஆதார விலை 7,263 ரூபாய் என்று பேப்பரில் வந்தது. மாமா இதுவரை ஒரு முறைகூட ஆதார விலைக்கு விற்றதில்லை. வாங்க ஆள் இல்லாத விலை வெறும் எழுத்துதான்.

மாமா கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "தீர்வை என்னாகும்னு யாராலயும் சொல்ல முடியாது மாமா. மொத்தத்தையும் ஒண்ணுலயே போடாதீங்க." அவர் இரண்டு ஏக்கரில் சவுக்கு நட்டுவிட்டார். ஒரு ஏக்கரில் மட்டும் மல்லாட்டை. சவுக்கு வெட்ட மூன்று நாலு வருஷம் ஆகும். அதைக் காகித ஆலை வாங்கும். அந்தக் காகித ஆலையும் வெளிநாட்டுக் காகிதத்தோடு போட்டி போடுகிற ஆலைதான் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. சவுக்குக்குக் களையெடுக்கவும் காய் ஆயவும் ஆள் வேண்டாம். அதனால் அந்த இரண்டு ஏக்கரில் ஐப்பசியில் கூலிக்கு வந்துகொண்டிருந்த பெண்களுக்கு இந்த வருஷம் வேலை இல்லை. புத்தகத்துப் படத்தில் நுகர்வோருக்கு ஒரு முக்கோணம் இருக்கிறது, உற்பத்தியாளருக்கு ஒரு முக்கோணம் இருக்கிறது. இவர்களுக்கு எதுவும் இல்லை.

உங்கள் வீட்டிலும் தென்னை, மிளகு, தீப்பெட்டி, பனியன், தேயிலை என்று ஏதாவது ஒன்று இப்படிக் கப்பலோடு கட்டப்பட்டிருக்கும். விலை எப்போது ஏறியது, எப்போது விழுந்தது, அப்போது வீட்டில் என்ன முடிவெடுத்தார்கள் என்று கேட்டுப் பார்த்துப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். என் கணக்கில் தப்பு இருந்தாலும் சொல்லுங்கள்.